அறுபத்திரண்டு கிலோ கோடியப்பன்

புயல் கரையைக் கடந்த பதினோராம் நாள் காலையில், செம்பியன்துறைக்கு வடக்கே உள்ள பழைய ஓடுதளத்தில், ஐஸ் கம்பெனியிலிருந்து தூக்கி வந்து நிறுத்தப்பட்டிருந்த தராசின்மேல் ஏறி நின்ற தையல்நாயகி, பத்து நாள்களாகக் கஞ்சியும் பிஸ்கட்டும் தவிர வேறொன்றும் உண்ணாதவள், நூற்றுப் பத்துக் கிலோ இருந்தாள்.

“எறங்குங்கம்மா” என்றார் அருமைநாதன். இறங்கினாள். முள் சுழியத்துக்கு வந்து நின்றது. “ஏறுங்க.” ஏறினாள். முள் நூற்றுப் பத்துக்குப் போய் நின்றது.

அருமைநாதன் வெளியூர் விமான நிலையம் ஒன்றின் சரக்குப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் எடை போட்டவர். நிவாரண விமானங்களில் ஏற்றுவதையும் இறக்குவதையும் கவனிக்க அனுப்பப்பட்டவர். ஓர் எண்ணைப் பார்த்தால் அதை நம்புவதற்கு முன் தராசைச் சந்தேகிப்பவர். முத்திரையிட்ட இருபது கிலோ இரும்புக் கல்லை ஏற்றிப் பார்த்தார். தராசு இருபது காட்டியது. தாமே ஏறிப் பார்த்தார். எழுபத்தொன்று காட்டியது, அதுவே அவருடைய எடை.

“நான் நாப்பத்தாறு கிலோதான் சார். போன மாசம் ரேஷன் கடையில ஏறிப் பாத்தேன்.”

“அப்ப மிச்சம் அறுபத்து நாலு யாரோடது?” என்று, உரியவர் வராத பெட்டியைப் பற்றி விசாரிப்பவரைப்போல அவர் கேட்டார்.

“அது என் வீட்டுக்காரரு.”

வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற மங்கையர்க்கரசி எட்டிப் பார்த்து, “ஆமா சார், அண்ணன் அறுபத்து நாலுதான். ஈர வேட்டியோட ஏறுனா அறுபத்தஞ்சு. ஊருக்கே தெரியும்” என்றாள். அவள் ஏறியபோது அவளுக்குரிய ஐம்பத்தெட்டோடு அவளுடைய தம்பியின் எழுபதும் சேர்ந்து வந்தது. அருமைநாதன் பேனாவை மூடினார். பிறகு திறந்து, பெயருக்கு எதிரே இருந்த கட்டத்தில் இரண்டு எடைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார்.

அந்த ஓடுதளம் இரண்டாம் உலகப் போரின்போது வெள்ளைக்காரப் பட்டாளம் போட்டு, போர் முடிந்ததும் மறந்துவிட்டுப் போனது. எழுபத்தைந்து ஆண்டுகளாகச் செம்பியன்துறை மக்கள் அதில் கருவாடு காயவைத்தார்கள். தெற்கே பாலமும் மேற்கே சாலையும் அடித்துக்கொண்டு போனபிறகு, நீர் ஏறாத ஒரே மேட்டுநிலமாக அது எஞ்சியது. அதன் பாதி நீளம் மணலுக்குள் போயிருந்தது. மிச்சப் பாதியில் சிறிய விமானங்கள் அரிசியோடு இறங்கி, நோயாளிகளோடும் உடன்செல்பவர்களோடும் ஏறின. குறுகிய தளம் ஆகையால் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு இருந்தது. தார்ப்பாய்க் கூடாரத்தின் வாசலில் ஓர் அட்டையில் ‘விமான நிலையம்’ என்று யாரோ மையால் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்; மழை அதில் பாதியைக் கரைத்திருந்தது; இருந்தும் ஊரார் அதை ஏர்போர்ட்டு என்றே அழைத்தார்கள், “ஏர்போர்ட்டுக்குப் போய் ரெண்டு குடம் தண்ணி புடிச்சுட்டு வா” என்றார்கள்.

கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் அறுபத்தெட்டுப் பேர். அவர்களுடைய எடை அவர்களைத் தேடுகிறவர்களின்மேல் ஏறியிருக்கிறது என்பதைச் செம்பியன்துறை இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டது. அதைவிடக் கடினமான பல செய்திகளை அது அந்த வாரம் ஏற்றுக்கொண்டிருந்தது. மூன்றாம் நாளிலிருந்து, விமானத்தில் போக வேண்டாதவர்களும் விடிந்ததும் தராசுக்கு வந்து வரிசையில் நின்றார்கள். ஏறினார்கள், முள்ளைப் பார்த்தார்கள், தம் எடையைக் கழித்துக்கொண்டு இறங்கினார்கள். எவரும் அழவில்லை. அழுகை புயலுக்கு முன்னால் இருந்த பழக்கங்களுள் ஒன்றாகிவிட்டது.

“என்ன தையலு, அண்ணன் எப்படி இருக்கு?”

“நேத்தைக்கு இன்னைக்கு முந்நூறு கிராம் எறக்கம்.”

“சாப்பாடு சரியில்ல போல.”

“நமக்கே உப்புமா. அதுக்கு மட்டும் கோலா மீனா கெடைக்கும்?”

இரத்தினவேலுவின் மனைவியிடம் அவனுடைய எழுபது கிலோவில் முப்பத்தைந்து மட்டுமே இருந்தது. மிச்ச முப்பத்தைந்து, அதே தெருவைச் சேர்ந்த ஒருத்தி வரிசையின் கடைசியில் வந்து ஏறியபோது தெரிந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “செத்தும் சமமாத்தான் பிரிச்சிருக்கான் மனுசன்” என்று ஒரு கிழவர் சொல்லிவிட்டார். ‘செத்தும்’ என்ற அந்த முதற்சொல்லைச் சொன்னதற்காக அவரை வாய் கொப்புளித்துவிட்டு வரச் செய்தார்கள். வீட்டில் ஒருவரையும் இழக்காத ஞானசேகரன் என்னும் கட்டைப் பிரம்மசாரிமேல் ஐம்பத்தொரு கிலோ கூடுதலாக இருந்தது. யார் என்று கேட்டதற்கு அவன் அடுத்தவருக்கு வழிவிட்டு இறங்கிப் போனான். நான்கு நாள் கழித்துத் தெற்குக் குப்பத்திலிருந்து, புயலில் காணாமற்போன மகளின் நிழற்படத்தோடு வந்த ஒரு தாய், தராசில் ஏறித் தன் எடை மட்டுமே இருக்கக் கண்டு, அங்கு நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்து, ஞானசேகரனிடம் வந்து நின்று, “பத்திரமா வச்சுக்க தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அண்ணனை இழந்த இராஜாங்கம் தன் எடைக்குமேல் ஒரு கிராமும் ஏறாததை ஊர் பார்த்துவிடுமோ என்று அஞ்சி, கைலிக்குள் இரண்டு கருங்கற்களை முடிந்துகொண்டு வந்தான். அருமைநாதன் அதைக் கண்டார். கண்டும், காட்டிய எடையை அப்படியே எழுதிக்கொண்டு, அடுத்தவரை அழைத்தார்.

நிவாரண அரிசியைப் பிரித்தவர் பங்கு கலியமூர்த்தி. புயலுக்கு முன்னால் கரைக்கு வரும் மீனைப் பிரித்தவரும் அவரே. செம்பியன்துறையில் வலையில் விழுந்தது எல்லாம் முதலில் ஒரே குவியலாகும், குவியல் பங்குகளாகும், கடலில் காணாமற்போனவனுக்கும் நாள்தோறும் ஒரு பங்கு தனியே வைக்கப்படும். அவனுடைய மனைவி தானே நடந்து வந்து, எல்லாரும் கேட்க, “பங்க நிறுத்துங்க” என்று சொல்லும்வரை அது நிற்காது. அவளைச் சொல்லச் சொல்லி எவரும் தூண்டக் கூடாது. சொன்ன பின்பு அந்தப் பங்கு குவியலுக்குத் திரும்பிப் போகும். அரிசிக்கும் கலியமூர்த்தி இதே முறையைக் கையாண்டதால், பட்டியலில் உள்ள தலைகளைவிட அரிசிப் பங்குகள் அறுபத்தெட்டு மிகுதியாக இருந்தன. கணக்குக் கேட்க வந்த அதிகாரி ஒருவர் தராசில் ஏறி நின்றவர்களைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அடுத்த விமானத்தில் திரும்பிப் போனார்.

நான்கு பெண்கள் பங்கை நிறுத்தியிருந்தார்கள். நால்வருக்கும் உடல் கிடைத்திருந்தது. நிறுத்திய மறுநாள் காலையில் அவர்கள் தத்தம் எடையில் இருந்தார்கள். நால்வரும் அதன்பிறகு தராசுப் பக்கம் வரவில்லை.

தையல்நாயகியின் மகள் தர்ஷினிக்கு ஆறு வயது. புயலின்போது பறந்து வந்த தகரம் அவளுடைய முழங்காலுக்குக் கீழே கிழித்திருந்தது. கட்டுப் போட்டார்கள், ஆறிவிடும் என்றார்கள், அவளைவிட மோசமானவர்கள் முன்னால் இருந்தார்கள், தாயும் மகளும் விமானத்தில் மூன்று பேருடைய இடத்தை எடுத்துக்கொள்வார்கள் என்பதால் அவர்களுடைய முறை தள்ளித் தள்ளிப் போயிற்று. பத்தொன்பதாம் நாள் காலையில் கட்டை அவிழ்த்த மருத்துவர் மூக்கைப் பொத்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. பொறுமையாக மறுபடியும் கட்டிவிட்டு வெளியே வந்து, நாளைக்குள் அறுவை செய்யாவிட்டால் கால் போகும், அதற்கும் மேல் தாமதித்தால் குழந்தையே போகும் என்றார். அன்றைக்கே வங்கக் கடலில் இன்னொரு தாழ்வு நிலை உருவாகியிருந்தது. அன்று பிற்பகல் வரும் விமானமே கடைசி விமானம்.

“எழுபது கிலோதான் மிச்சம் இருக்கும்மா” என்றார் அருமைநாதன். “தளம் நேத்து மழையில இன்னும் கொஞ்சம் இத்துப்போச்சு. எழுபதுக்குமேல ஒரு கிலோ ஏத்துனாலும் விமானி எடுக்க மாட்டாங்க. கொழந்த பதினேழு. நீங்க நாப்பத்தாறு. சேத்தா அறுபத்து மூணு. அது வரைக்கும் சரி.”

“அவரு அறுபத்திரண்டு.”

“ஆமா.”

“பாப்பாவ மட்டும் அனுப்பிடுங்க சார்.”

“பெத்தவங்க கையெழுத்து இல்லாம அறுவை செய்ய மாட்டாங்க. நீங்க கூட இருந்தாகணும்.”

அவள் தராசைப் பார்த்தாள். “அவர இங்க எறக்கி வச்சுட்டுப் போக முடியாதுங்களா?”

“அதுக்கு எங்ககிட்ட வழி இல்லம்மா. உங்க ஊருல இருந்தா எனக்குத் தெரியாது.” அவருக்குத் தெரியும். எட்டு நாளாக அவர் அந்த ஊரின் அரிசியைத்தான் உண்டுகொண்டிருந்தார். ஆனால் தூண்டக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும்.

தையல்நாயகி ஓடுதளத்தின் விளிம்பு வழியாக நடந்தாள். கலியமூர்த்தி தார்ப்பாயின்மேல் அரிசியைக் கொட்டி, கொட்டாங்கச்சியால் பங்கு வைத்துக்கொண்டிருந்தார். அவள் கணவன் கோடியப்பனுடைய பங்கு ஏழாவது வரிசையில், அவன் படகில் அவன் உட்காரும் பக்கமாகிய இடப்பக்கத்தில் இருந்தது.

“மாமா, பங்க நிறுத்துங்க.”

கொட்டாங்கச்சி நின்றது. “தையலு, ஒடம்பு கெடைக்கல இன்னும்.”

“தெரியும் மாமா.”

“மூணு தடவ கேப்பேன். யோசிச்சுச் சொல்லு.”

“யோசிக்கிறதுக்கு விமானம் நிக்காது. கேளுங்க.”

அவர் கடலுக்கு முதுகு காட்டி நின்று மூன்று முறை கேட்டார். அவள் மூன்று முறையும் ஒரே குரலில், ஒரே சொற்களை, ஒரே வரிசையில் சொன்னாள். அவர் கோடியப்பனுடைய அரிசியை இரு கைகளாலும் அள்ளிக் குவியலில் போட்டார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்பிலிருந்து குடத்தை இறக்கிய பின்பும் கை வளைந்தபடியே சிறிது நேரம் இருக்குமே, அப்படி இருந்தாள்.

தராசு நாற்பத்தாறு காட்டியது. அருமைநாதன் எழுதிக்கொண்டார். விமானம் இறங்கிவிட்டிருந்தது, அரிசி மூட்டைகளை இறக்கத் தொடங்கியிருந்தார்கள். மங்கையர்க்கரசி தர்ஷினியைத் தூக்கி வந்து தராசின்மேல் உட்காரவைத்தாள்.

எழுபத்தொன்பது.

அருமைநாதன் குழந்தையைத் தூக்கினார். பதினேழு கிலோவைத் தூக்கப் போனவர் மூச்சுப் பிடித்து மறுபடியும் கீழே வைத்தார். “அண்ணி, என் கை கடுத்ததுக்கு இதான் காரணமா?” என்றாள் மங்கையர்க்கரசி.

“அப்பா எங்கிட்ட வந்துட்டாங்க” என்றாள் தர்ஷினி.

“குடுத்துடு பாப்பா” என்றாள் தையல்நாயகி.

“யாருட்ட?”

கலியமூர்த்தி மேல்துண்டை இறுக்கிக் கட்டியபடி ஓட்டமும் நடையுமாக வந்தார்; செய்தி அதற்குள் அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. தராசைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“தப்பு என் மேலதான். பங்க நிறுத்துனேன், குவியல்ல போட்டேன், குவியலப் பிரிக்காம வந்துட்டேன். பிரிக்காத பங்கு எங்கயாவது போய்த்தான நிக்கும்?” பிறகு, மீன் வந்த நாள்களில் கரையெங்கும் கேட்கும் குரலில், “பங்கு! பங்கு! யாரெல்லாம் இருக்கீங்க, வாங்க!” என்று கூவினார்.

தாயையும் மகளையும் தவிர, ஓடுதளத்தில் அப்போது ஊரார் முப்பது பேர் இருந்தார்கள். அறுபத்திரண்டை முப்பதால் வகுத்தால் மீதி நிற்கும். கலியமூர்த்தி எண்ணிப் பார்த்துவிட்டு அருமைநாதனைக் கைகாட்டினார். “சாரும் வரட்டும். எட்டு நாளா நம்ம குவியல்ல தின்னவரு. அவருக்கும் உண்டு. ஆளுக்கு ரெண்டு.”

அருமைநாதன் மறுக்கவில்லை. பேனாவைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

அவர்கள் ஒவ்வொருவராக வந்து, தராசில் அமர்ந்திருந்த குழந்தையின் கையைப் பிடித்தார்கள்; குழந்தை அவர்களுடைய முகத்தைப் பார்த்து, “இந்தாங்க” என்றாள்; முள் எழுபத்தேழுக்கு வந்தது, எழுபத்தைந்துக்கு வந்தது. முதலில் வாங்கிய மங்கையர்க்கரசி விலகி நடக்கும்போது, எந்த வாசலில் நுழைவதற்கு முன்னும் கோடியப்பன் இருமுவானே அந்த இருமலை இருமினாள். ஞானசேகரனின் கை தானாகப் போய் இடக்காதின் மடலை நீவியது. இரத்தினவேலுவின் எடையைப் பங்கிட்டுச் சுமந்த இரண்டு பெண்களும் யார் முந்துவது என்று வாயாடிக்கொண்டே வந்து, ஒருத்தி கோடியப்பனுடைய கோபத்தையும் மற்றொருத்தி அவன் கோபம் தணியும் விதத்தையும் வாங்கிக்கொண்டு, அதன்பிறகு வாயாடுவதை நிறுத்தினார்கள். இராஜாங்கம் கையைப் பாதியே நீட்டினான், “எம்மேல நிக்காது பாப்பா” என்றான், நின்றது, முள் இரண்டு கிலோ இறங்கியிருப்பதைக் கண்டதும், பத்தொன்பது நாளில் அந்த ஓடுதளத்தில் முதன்முதலாக அழுதவன் அவனே. தேநீரை ஊதிக் குடிப்பது ஒருவருக்குப் போயிற்று. வலையைத் திட்டும் சொல் ஒருவருக்குப் போயிற்று. மகளைக் கண்ணுக்குட்டி என்று அழைப்பது, கண் தெரியாத ஒரு முதியவருக்குப் போயிற்று. தையல்நாயகி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். விமானி ஒரு முறை இயந்திரத்தை உறுமவிட்டார், எவரும் திரும்பவில்லை.

முள் பத்தொன்பதில் நின்றபோது அருமைநாதன் குழந்தையின் கையைப் பிடித்தார். பதினேழு. அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. என்னவென்று பார்ப்பதற்குள் அவர் குனிந்து எண்ணை எழுதத் தொடங்கிவிட்டார். பதினேழும் நாற்பத்தாறும் அறுபத்து மூன்று. விமானம் ஓடுதளத்தின் கடைசிக் கல்லில் சக்கரத்தைத் தூக்கி, கடலைத் தொடாமல் மேற்கே திரும்பியது.

கால் பிழைத்தது. தாயும் மகளும் நான்கு மாதம் கழித்துப் பேருந்தில் திரும்பி வந்தார்கள். அதற்குள் பாலம் போட்டிருந்தார்கள். கூடாரம் பிரிக்கப்பட்டு, ஓடுதளத்தில் மறுபடியும் கருவாடு காய்ந்தது. கலியமூர்த்தி பேருந்து நிறுத்தத்துக்கே வந்தார்.

“எல்லாத்தையும் பத்திரமா வச்சிருக்காங்க தையலு. நீ சொன்னா ஒரே நாள்ல திருப்பிக் குடுத்துடுவாங்க.”

அவள் மகளைப் பார்த்தாள். தர்ஷினி ஒரு காலை இழுத்து இழுத்து முன்னால் போய்க்கொண்டிருந்தாள். “இருக்கட்டும் மாமா. என்னால இப்பத் தூக்க முடியாது” என்றாள்.

ஆனால் நாள்தோறும் காலையில் அவள் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். ஒரு வீட்டில் இருமலைக் கேட்டாள். ஒரு வீட்டில் தேநீர் ஊதப்படுவதைப் பார்த்தாள். ஒரு வீட்டில் சும்மா திட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு வீடு தள்ளிச் சமாதானமானாள். கண் தெரியாத முதியவரின் வாசலில் மகளை நிறுத்தி, அவர் அழைப்பதற்காகக் காத்திருந்தாள். முழுக் கோடியப்பனையும் பார்த்து முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. எவரும் அதை வியப்பாகக் கொள்ளவில்லை. அவள் வரும் நேரத்துக்குக் கதவைத் திறந்துவைத்தார்கள்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள், பாதித் தெருவில் தர்ஷினி நின்றாள். “அம்மா, அப்பாவோட சிரிப்பு யாருட்ட இருக்கு?”

தையல்நாயகி பின்னோக்கி எண்ணிப் பார்த்தாள். முப்பது வீட்டிலும் அதைக் கேட்டதாக நினைவில்லை. கோடியப்பன் எப்படிச் சிரிப்பான் என்று நினைத்துப் பார்த்தாள். வாய் திறந்ததா, தோள் குலுங்கியதா, ஓசை இருந்ததா என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அந்த இடம் துடைத்துவைத்த தட்டைப்போல இருந்தது. திரும்பிப் போய்க் கலியமூர்த்தியைக் கேட்டாள்.

அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே போய், முப்பத்தொன்றில் நிறுத்தினார். “அது அந்த ஏர்போர்ட்டு சாருட்டயில்ல போயிருக்கும். எந்த ஊரு ஏர்போர்ட்டுன்னு கேட்டு வச்சுக்காம விட்டுட்டமே. எழுதிப் போட்டுத் தேடலாமா தையலு?”

“வேண்டாம் மாமா, அவருட்டயே இருக்கட்டும். இப்பச் சிரிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.